அறுபத்தொன்றாம் துண்டு

நாற்பத்தொரு லட்சத்துச் சொச்சம் வரிகள்.
ஒவ்வொரு வரியும் ஒரு புள்ளி:
எங்கே, எந்தச் சாய்வில், என்ன வேகத்தில்.
புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே
அரை மில்லிமீட்டர் தெர்மோகோல்.

கைக்கு முப்பதாயிரம் வரிதான் கொள்ளும்.
அதற்குமேல் ஊட்டினால்
திரையில் சிவப்பாக ஒரு வாக்கியம்.
பிறகு அசையாது,
வாய் நிறையச் சோற்றை அடக்கிக்கொண்ட பிள்ளை மாதிரி.

ஒரகடத்தில் ஏழு வருடம்
கார்க்கதவுகளுக்குப் பற்றுவைத்த கை இது.
நூற்றிருபது வரி, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வேலை.
கதவு, அடுத்த கதவு, அடுத்த கதவு.
இப்போது கருங்கலில்
ரப்பர் ஷீட் அடுக்கிய பழைய கிட்டங்கியில்
தண்டவாளத்தின் மேல் முன்னும் பின்னும் ஊர்ந்து
முப்பத்திரண்டடி வள்ளத்துக்கு அச்சு செதுக்குகிறது.
துகள் தேங்காய்ப்பூவாய் விழுகிறது.
வாசனை மட்டும் இன்னும் ரப்பர்தான்.

முதலில் நான் எண்ணிக்கை பார்த்து வெட்டினேன்,
முப்பதாயிரம், முப்பதாயிரம் என்று,
கயிறு அளப்பதுபோல.
ஒரு துண்டு முடிந்து அடுத்தது ஏற நான்கு நொடி.
கை நிற்கும்.
கையின் நுனியில் கத்தி நிற்காது.
நின்ற இடத்திலேயே சுழன்று சுழன்று
நகக்கண் அளவுக்கு ஒரு குழி.
ஆறு குழிகள் ஆன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பிறகு ஒரு நிரல் எழுதினேன்:
முப்பதாயிரத்துக்கு முன்னால்
கத்தி கடைசியாக எங்கே மேலே எழும்புகிறதோ
அங்கே வெட்டு.
காற்றில் எவ்வளவு நேரம் சுழன்றாலும்
காற்றுக்குக் காயமில்லை.
ஒரு துண்டு இருபத்தொன்பதாயிரம்,
ஒன்று வெறும் பதினோராயிரம்.
மொத்தம் நூற்று அறுபத்தெட்டு.
ஆன்றோ சிரித்தான்:
"இது என்னக்கா, மீன் பங்கு வச்ச மாதிரி."

அறுபத்தொன்றில் கரண்ட் போனது.
ஐப்பசி மழை. மணி இரண்டே கால்.
ஆறு மூட்டிலும் பிரேக் விழுந்த சத்தம்,
அப்புறம் தகரத்தில் மழை மட்டும்.
டார்ச் அடித்தோம்.
வள்ளத்தின் இடது விலாவில் கத்தி
புதைந்தபடி நின்றது.
பிரேக் பிடிப்பதற்குள் கை ஒரு மயிரிழை தொங்கியிருந்தது.
எந்த வரியில் நின்றாய் என்றால்
அதற்குத் தெரியாது. எனக்கும்.
பதினேழாயிரத்துக்கும் பதினெட்டாயிரத்துக்கும் நடுவே எங்கோ.

நாலரைக்கு வெளிச்சம் வந்ததும்
மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பின்னால் இழுத்தேன்.
மறுபடி முதல் வரியிலிருந்து அறுபத்தொன்று.
ஏற்கெனவே வெட்டிய இடங்களில்
ஒன்றுமில்லாததைப் பொறுமையாக
வெட்டிக்கொண்டே போனது.
தொங்கிய இடத்தில் மக்கு போட்டுத் தேய்த்தோம்.

காலையில் கொடிமுனையிலிருந்து கிளீட்டஸ் வந்தார்,
மழைக்கோட்டைக் கழற்றாமல்.
வள்ளம் அவருக்கு. சுற்றி நடந்தார்.
"இதுக்கு முழு வள்ளமும் தெரியுமா?"
இல்லை என்றேன். முப்பதாயிரம் வரிதான்.
அதை மறந்தால்தான் அடுத்தது ஏறும்.
"அப்போ யாருக்குத் தெரியும்?"
கணினிக்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்கும் இது எண்கள்தான்.
எனக்கோ கடலில் இறங்கினால் வாந்தி வரும்.

உள்ளங்கையை வைத்து விலாவோடு தடவிக்கொண்டே போனவர்
மக்கின் மேல் நின்றார்.
கேஜ் வைத்துப் பார்த்தேன்: புள்ளி மூன்று மில்லி மேடு.
"இதில இருந்து எத்தன வள்ளம் அடிப்பிய?"
இருபதாவது.
"எல்லாத்திலயும் இது வருமா?"
தேய்த்து எடுத்துவிடலாம் என்றேன் அவசரமாக.
"கெடக்கட்டு.
இருட்டுல தொட்டா நமக்க அச்சுன்னு தெரியும்லா."

மேலே இன்னும் நான்கு பூச்சு வர வேண்டும்.
மறைந்தாலும் மறையும்.
நான் அதைச் சொல்லவில்லை.
உப்புத்தாளை எடுத்தேன், வைத்தேன்.

அறுபத்திரண்டு ஏறியது.
இருபத்தாறாயிரத்து நானூற்று மூன்று வரி.
ஆன்றோ சாயா வாங்கக் குடையைத் தேடினான்.